ஏழாம் கட்டம்

ஆய்வின் வடிவமைப்பு: ஒன்றை மட்டும் குறிக்கவும்.
வெள்ளிக்கிழமைக்குள் படிவம் போகாவிட்டால்
நெறிமுறைக் குழு இனி தீபாவளிக்குப் பிறகுதான் கூடும்.
சிலிம் ரிவர் மாமாக் கடையில்
என் தே-ஓ ஆறிப்போய்விட்டது.

மூன்று வருடத்தில் பதினோரு பெண்கள்
என் கிளினிக்கின் சிறுநீரகப் பட்டியலுக்கு வந்தார்கள்.
சர்க்கரை இல்லை. கொதிப்பும் பெரிதாக இல்லை.
தோட்டத்தில் என்ன வேலை என்றால்
பதினோரு பேருக்கும் ஒரே பதில்:
மருந்தடிச்சேன்.

புல்லைக் கொல்லும் தண்ணீருக்கு
இந்தப் பெயரை யார் வைத்தது?
என் சீட்டிலும் அதே சொல்தான்,
காலை ஒன்று, இரவு ஒன்று.

சுலபமானது, ஒரே நாளில் போய் எண்ணிவிடுவது.
போன மாதம் ஒத்திகை பார்த்தேன்.
விடியற்காலை ஐந்தரை, பெரட்டுக் களம்,
முப்பத்தெட்டு கைகள், முப்பத்தெட்டு குழாய் ரத்தம்.
லொம்போக் பையன்கள், வங்காளதேசத்துப் பையன்கள்,
நம்மவர்கள் நாலு பேர்.
எல்லாம் சுத்தம்.
மானேஜர் கை குலுக்கினார்.
பெரட்டுக்கு வர முடிந்தவர்களைத்தானே
பெரட்டில் எண்ண முடியும்.
வர முடியாதவர்கள்
மலிவு வீட்டின் நான்காம் மாடியில் இருக்கிறார்கள்,
லிஃப்ட் இல்லை.

குலுக்கல்தான் உயர்ந்த முறை என்கிறது பாடப்புத்தகம்.
யார் முதுகில் விஷப் பம்பு, யார் முதுகில் பச்சைத் தண்ணீர்
என்று காசைச் சுண்ட
எந்தக் குழு கையெழுத்துப் போடும்?
காசு இல்லாமலே மண்டோர் விரல் நீட்டினார்,
இருபது வருடம்.
அதற்குப் படிவம் இல்லை.

இன்றிலிருந்து பின்தொடரலாம், பத்து வருடம்.
இரண்டாம் டிவிஷனில் இப்போதே
வீடமைப்புக் கம்பெனியின் பலகை நிற்கிறது.
அதோடு, வரட்டும் நோய் என்று
நோட்டோடு காத்திருக்கவா எனக்குச் சம்பளம்?

மிச்சம் இருந்தது ஒப்பீடு.
நோயாளிக்கு ஒரு இணை தேட வேண்டும்.
டயாலிசிஸ் முடிந்து, கையில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த
தவமணியிடம் விளக்கினேன்:
உங்க வயசு, உங்க டிவிஷன்,
எல்லாமே உங்களை மாதிரி ஒருத்தங்க,
நோவு மட்டும் இல்லாம. யாராச்சும் தெரியுமா?

அவர் சிரிக்கவில்லை.
"என்னை மாதிரியே, நோவு மட்டும் இல்லாம.
அவளைத்தான் டாக்டர் நானும் தேடிக்கிட்டிருக்கேன்."

எத்தனை நாள் அடிச்சீங்க என்று
அப்புறமும் கேட்டேன், வெட்கமில்லாமல்.
"என் ஞாபகத்தைக் கேட்காதீங்க, கோபத்துல கூட்டிச் சொல்வேன்.
ஆபீஸ்ல இருக்கும்.
மருந்தடிச்சா நாளைக்கு ஒரு வெள்ளி இருபது காசு அதிகம்.
அதை எழுதாம விடுவாங்களா?"

கிராணி குணாளன் ஸ்டோரைத் திறந்தார்.
செக்ரோல், எண்பத்தொன்பதிலிருந்து,
பெருச்சாளி நாற்றத்தோடு பதினேழு தடிப் புத்தகங்கள்.
பெயர், தேதி, கட்டத்துக்குள் ஒரு ‘ம’.
யாரையும் காப்பாற்ற எழுதியதல்ல,
யாரையும் குற்றம் சாட்டவும் அல்ல;
ஒரு வெள்ளி இருபது காசுக்காக எழுதியது.
அதனால் நம்பலாம்.
தொண்ணூற்றேழைக் கரையான் தின்றுவிட்டது.
குறைபாடுகள் என்ற பகுதியில்
கரையானுக்கும் ஒரு வரி கொடுப்பேன்.

இருநூற்றுப் பதினான்கு பெண்கள்.
நோயிலிருந்து பின்னால் போகாமல்
‘ம’விலிருந்து முன்னால் வர வேண்டும்:
யார் விழுந்தார்கள், யார் நிற்கிறார்கள்.
ஏழாம் கட்டத்தில் எழுதினேன்:
பழைய பதிவுகளின் வழித் தொடராய்வு.

மூடப் போகும்போது கண்ணில் பட்டது.
அறுபத்து மூன்றாவது வரி, தவமணி,
‘ம’ ‘ம’ ‘ம’ என்று மாதம் முழுக்க.
அறுபத்து நான்கு, ரோ. சூசையம்மாள்.
பிறந்த வருடம் அதே. டிவிஷன் அதே.
பிள்ளைக் கொட்டகைக்கு ஆள் தேவைப்பட்டு
மாற்றிவிட்டிருக்கிறார்கள்.
கட்டமெல்லாம் வெறுமை,
ஒரு ‘ம’ கூட இல்லை.

எட்டாம் கட்டம்:
பங்கேற்பாளர்களை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?